மேஃப்ளவர்: ஒரு நீராவி உல்லாசக் கப்பலின் கைமாற்றங்கள்

பயணச்சீட்டு விற்காமல், சரக்கு ஏற்றாமல், உரிமையாளரும் அவருடைய விருந்தினர்களும் கடலில் உலாவருவதற்கென்றே கட்டப்படும் கப்பலை யாட் என்பர். அது கொதிகலனும் நீராவி எஞ்சினும் கொண்டு ஓடுமானால் நீராவி யாட். இவ்வகைக் கப்பல்களுக்குத் தொடக்கத்தில் நல்ல வரவேற்பு இருக்கவில்லை. 1820-களின் இறுதியில் இங்கிலாந்தின் முதன்மையான யாட் சங்கம், தன் கப்பலில் நீராவி எஞ்சினைப் பொருத்தும் எவரும் உறுப்பினராக நீடிக்க முடியாது என்று தீர்மானமே போட்டது. பாய்மரத்தை ஆளத் தெரிந்தவனே கடலோடி, புகைபோக்கி வைத்தவன் வெறும் பயணி என்பது அவர்களுடைய எண்ணம். அடுத்த அரை நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. 1880 முதல் முதல் உலகப் போர் வரையிலான காலத்தில், நியூயார்க்கிலும் லண்டனிலும் பெருஞ்செல்வர் வரிசையில் இடம்பெற விரும்பியவருக்கு மாளிகையும் ஓவியத் தொகுப்பும் மட்டும் போதவில்லை. ஒரு நீராவி யாட்டும் வேண்டியிருந்தது.

இந்தக் கப்பல்களின் வரலாற்றை முதன்முதலாகப் படிப்பவருக்கு விந்தையாகத் தோன்றுவது, எவருக்காகக் கட்டப்பட்டனவோ அவரிடம் அவை இருந்த காலம் பெரும்பாலும் மிகக் குறைவு என்பதே. பிறகு கடற்படை, அரசு மாளிகை, ஆய்வுத்துறை, பயிற்சிப் பள்ளி, உணவகம் என்று அவை போய்ச் சேர்ந்த இடங்களின் பட்டியல் தாறுமாறாகத் தெரியும். உண்மையில் அதில் ஒரு காரண ஒழுங்கு உண்டு. அதைப் புரிந்துகொள்ள மேஃப்ளவர் என்ற ஒரே கப்பலைப் பின்தொடர்வது போதுமானது. (1620-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிகளை ஏற்றிச் சென்ற புகழ்பெற்ற மேஃப்ளவர் வேறு, அந்தப் பெயரை இந்தக் கப்பல் எடுத்துக்கொண்டது.)

முதலில் கப்பலைப் பற்றி. ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையிலுள்ள கிளைடுபேங்கில், ஜே. அண்டு ஜி. தாம்சன் கட்டுதளத்தில் 1896-இல் மேஃப்ளவர் உருவானது. வடிவமைத்தவர் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜி. எல். வாட்சன், அக்காலத்தில் செல்வர்கள் யாட் வேண்டுமென்றால் தேடிச் சென்ற பெயர்களில் முதல் வரிசையில் நின்றவர். நீளம் 273 அடி, அகலம் 36 அடி, எடை ஏறத்தாழ 2,700 டன், வேகம் மணிக்கு ஏறத்தாழ 17 கடல் மைல். அணியம், அதாவது கப்பலின் முன்பகுதி, பழைய பாய்மரக் கப்பல்களைப் போல முன்னோக்கி வளைந்து நீண்டிருக்கும். மேலே சாய்ந்த பாய்மரத் தூண்களும் இருக்கும். நீராவி நின்றுபோனால் பாயை விரித்துக்கொள்ளலாம் என்ற முன்னெச்சரிக்கையைவிட, பார்வைக்கு எடுப்பாக இருக்க வேண்டும் என்ற விருப்பமே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

உள்ளே இருந்த இயந்திரத்தைத் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனெனில் இந்தக் கப்பல்களின் பிற்கால விதியை அதுவே பெரிதும் முடிவுசெய்தது. கொதிகலனில் நிலக்கரியை எரித்து உண்டாக்கிய உயர் அழுத்த நீராவி முதலில் ஒரு சிறிய உருளைக்குள் நுழைந்து பிஸ்டனைத் தள்ளும். அங்கே விரிந்து அழுத்தம் குறைந்த நீராவியை வீணாக்காமல் அடுத்து ஒரு பெரிய உருளைக்கும், பிறகு அதைவிடப் பெரிய உருளைக்கும் அனுப்புவார்கள். ஒரே நீராவி மூன்று முறை வேலை செய்துவிட்டுக் குளிர்ந்து நீராகி மீண்டும் கொதிகலனுக்குத் திரும்பும். இதுவே மூவிரிவு எஞ்சின். இதனால் ஒரே அளவு நிலக்கரியில் முன்னைவிட நெடுந்தொலைவு போக முடிந்தது. அட்லாண்டிக்கைக் கடப்பது ஒரு தனியார் கப்பலுக்கும் எட்டக்கூடிய செயலாயிற்று. ஆனால் நிலக்கரியை அள்ளிப்போடவும், சாம்பலை வாரவும், எஞ்சினுக்கு எண்ணெய் விடவும் இரவு பகலாக ஆட்கள் வேண்டும். துறைமுகத்தில் சும்மா நின்றாலும் கூலியும் பராமரிப்பும் நிற்பதில்லை. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம்மிடம் சொல்வார்களே, அதேதான்.

இங்கே ஒரு நீராவி யாட்டின் அடிப்படை முரண் தெரிகிறது. எஃகால் செய்த கூடு ஐம்பது அறுபது ஆண்டு தாங்கும். ஆனால் அதை நடத்தும் செலவைத் தாங்கக்கூடிய செல்வம் ஒரே கையில் அவ்வளவு காலம் தங்குவது அரிது. உரிமையாளர் இறப்பார், அல்லது பங்குச் சந்தை சரியும், அல்லது வாரிசுகளுக்குக் கடலில் விருப்பம் இராது. அப்போது கப்பலை வாங்கக்கூடியவர்கள் யார் என்று பார்த்தால், மற்றொரு செல்வர், ஓர் அரசு, அல்லது பழைய இரும்புக் கடைக்காரர் என்று மூன்றே வகையினர். மேஃப்ளவர் இந்த மூவரையும் பார்த்துவிட்டது.

அதன் முதல் உரிமையாளர் ஆக்டன் கோலெட். நியூயார்க்கில் நிலமும் கட்டடமுமாகச் செல்வம் சேர்த்த குடும்பத்தவர். நியூபோர்ட்டில் ஓக்கர் கோர்ட் என்ற மாளிகையைக் கட்டுவித்தவர். அவருடைய அண்ணன் ராபர்ட்டும் அதே கட்டுதளத்தில் நாமா என்ற இணைக் கப்பலைக் கட்டுவித்தார் என்பதிலிருந்து அந்தக் குடும்பத்தின் நிலையை ஊகிக்கலாம். ஆனால் ஆக்டனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1897 ஆகஸ்டு மாதம், இங்கிலாந்தின் கவுஸ் துறைமுகத்தில் மேஃப்ளவர் நின்றிருந்தபோது, அந்தக் கப்பலிலேயே அவர் இறந்தார். ஐம்பத்தொன்பது ஆண்டுகள் நீடிக்கவிருந்த ஒரு கப்பலின் வாழ்வில் அதைக் கட்டியவரின் பங்கு ஓராண்டு அளவுக்கே முடிந்தது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கப் போர்க்கப்பல் மெய்ன் ஹவானா துறைமுகத்தில் வெடித்து மூழ்கியது. ஸ்பெயினுடன் போர் வரும் என்று தெளிவானதும், கியூபாவை முற்றுகையிடப் போதிய சிறு கப்பல்கள் தன்னிடம் இல்லை என்பதை அமெரிக்கக் கடற்படை உணர்ந்தது. புதிதாகக் கட்ட நேரமில்லை. துறைமுகங்களில் நின்றிருந்த தனியார் யாட்டுகளின் மீது அதன் கண் விழுந்தது இப்படித்தான். 1898 மார்ச் 19 அன்று கோலெட் குடும்பத்தாரிடமிருந்து மேஃப்ளவர் வாங்கப்பட்டது. ஐந்தே நாளில், மார்ச் 24 அன்று, அது கடற்படைக் கப்பலாகிவிட்டது. உல்லாசத்துக்காகக் கட்டிய கப்பலால் போரில் என்ன செய்ய முடியும் என்று கேட்கத் தோன்றும். கவசம் இல்லாத அதனால் போர்க்கப்பலை எதிர்த்து நிற்க முடியாது என்பது உண்மையே. ஆனால் முற்றுகைக்கு வேண்டியது வேறு: தப்பியோடும் சரக்குக் கப்பலைத் துரத்தும் வேகம், பல நாள் கடலில் நிற்பதற்கான நிலக்கரிக் கிடங்கு, அலையைத் தாங்கும் உறுதி, சிறு பீரங்கிகளைப் பொருத்த இடம். செல்வர் ஒருவர் தம் நண்பர்களை விரைவாகவும் வசதியாகவும் அட்லாண்டிக்குக்கு அப்பால் கொண்டுபோக விரும்பியதால் இவையெல்லாம் ஏற்கெனவே கப்பலில் இருந்தன.

இதற்கு மேஃப்ளவரைவிடக் கூர்மையான சான்று வங்கியாளர் ஜே. பி. மார்கனின் கோர்சேர். அதையும் அதே வேளையில் கடற்படை வாங்கி குளோஸ்டர் என்று பெயர் மாற்றியது. தலைமையேற்ற ரிச்சர்டு வெய்ன்ரைட், மெய்ன் கப்பலில் துணைத் தலைவராக இருந்து உயிர்தப்பியவர். 1898 ஜூலை 3 அன்று சந்தியாகோ டி கியூபா சமரில், ஸ்பெயினின் ஃபுரோர், புளூட்டோன் என்ற இரு நாசகாரிக் கப்பல்களை எதிர்த்து அந்த முன்னாள் உல்லாசக் கப்பல் மிக நெருங்கிச் சென்று போரிட்டது. அவை இரண்டும் அன்றே அழிந்தன. தோற்ற ஸ்பானிய அட்மிரல் செர்வேரா கரையிலிருந்து கொண்டுவரப்பட்டது அந்தக் கப்பலுக்கே.

போர் முடிந்தது. இனி கடற்படைக்கு இந்தக் கப்பல்கள் எதற்கு? மேஃப்ளவரிடம் பீரங்கியைவிட மதிப்புள்ள ஒன்று எஞ்சியிருந்தது: அறைகள். 1900-இல் அது புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் நின்று, சார்ல்ஸ் ஆலன் தலைமையிலான புதிய குடியியல் அரசுக்கு அலுவலகமாகப் பயன்பட்டது. 1905 முதல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் அதிகாரபூர்வக் கப்பலாயிற்று. அப்போது தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், 1898-இல் கடற்படை இந்த யாட்டுகளை அவசரமாக வாங்கியபோது அத்துறையின் துணைச் செயலராக இருந்தவர் என்பது கவனிக்கத்தக்கது.

1905 ஆகஸ்டு 5 அன்று நடந்தது மேஃப்ளவர் வரலாற்றிலேயே பெரிய நிகழ்ச்சி. ரஷ்யாவும் ஜப்பானும் மஞ்சூரியாவில் ஒன்றரை ஆண்டாகப் போரிட்டு ஓய்ந்திருந்தன. இரு நாட்டுத் தூதுக்குழுக்களையும் ஒன்றாக உட்காரவைக்க ரூஸ்வெல்ட் முன்வந்தார். லாங் தீவில் தம் வீட்டுக்கு அருகிலுள்ள ஆய்ஸ்டர் பே விரிகுடாவில் மேஃப்ளவரை நிறுத்தி, ரஷ்யாவின் செர்கெய் விட்டேயையும் ஜப்பானின் கொமுரா ஜுத்தாரோவையும் அதன் தளத்தில் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தினார். யாரை எங்கே உட்காரவைப்பது, யாருக்கு முதல் மரியாதை என்ற சிக்கலே பேச்சைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால் நின்றபடியே உண்ணும் விருந்தாக வைத்தார். நாட்டுத் தலைவர்களை வாழ்த்தும் மதுக்கிண்ணத்தைத் தாமே உயர்த்தி, எவரும் பதில் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். இந்தச் சந்திப்புக்குக் கரையில் உள்ள எந்த மாளிகையையும்விடக் கப்பல் பொருத்தமாக இருந்தது ஏன் என்று சிந்தித்தால், யாட் என்ற பொருளின் தன்மை விளங்கும். அது வீடும் அல்ல, அலுவலகமும் அல்ல. கூட்டமும் செய்தியாளரும் அண்ட முடியாது. அதே நேரத்தில் அரசின் கௌரவத்துக்குக் குறைவில்லாத கூடமும் உணவறையும் உண்டு. செப்டம்பர் 5 அன்று அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது; அடுத்த ஆண்டு ரூஸ்வெல்ட்டுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

1907 டிசம்பர் 16 அன்று உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட பதினாறு அமெரிக்கப் போர்க்கப்பல்களை ரூஸ்வெல்ட் மேஃப்ளவரிலிருந்தே வழியனுப்பினார். 1909 பிப்ரவரி 22 அன்று அவை திரும்பியபோது வரவேற்றதும் அதிலிருந்துதான். பின்வந்த டாஃப்ட், வில்சன், ஹார்டிங், கூலிட்ஜ் ஆகியோரும் அதைப் பயன்படுத்தினர். வார இறுதியில் பொட்டோமாக் ஆற்றில் உலாப் போவதுதான் பெரும்பாலும் வேலை. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆனால் அந்த ஆற்று உலாவுக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கடற்படை ஆட்கள் கப்பலில் வேண்டியிருந்தது என்பதை மறக்கக்கூடாது. 1929 மார்ச்சில் பதவியேற்ற ஹெர்பர்ட் ஹூவர் முதலில் கைவைத்த செலவுகளில் இதுவும் ஒன்று. அம்மாதம் 22 அன்று பிலடெல்பியாவில் மேஃப்ளவர் பணியிலிருந்து விலக்கப்பட்டது. பின்னர் வந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கப்பலை விரும்பியவர்தான், ஆனால் அவர் எடுத்துக்கொண்டவை செகோயா, பொட்டோமாக் என்ற மிகச் சிறிய கலங்கள். பெரிய நீராவி யாட்டின் காலம் முடிந்துகொண்டிருந்ததற்கு இதைவிட நல்ல அறிகுறி தேவையில்லை.

இனிமேல்தான் மேஃப்ளவர் அலைக்கழிந்தது. விற்பனைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நிலையில் 1931 ஜனவரி 24 அன்று தீப்பிடித்தது. அணைக்க இறைத்த நீரின் பாரத்தால் துறைமேடையிலேயே மூழ்கியது. தூக்கி நிறுத்தி, அக்டோபரில் சிகாகோவின் நிதி வணிகர் ஒருவருக்காக வாங்கப்பட்டது. பழைய பொலிவுக்கே கொண்டுவருவது அவருடைய திட்டம். வேலை முடியுமுன் அவருடைய பணம் முடிந்துவிட்டது. பெருமந்தக் காலம் அது. அடுத்தடுத்து வந்தவர்கள் தென் அமெரிக்க வணிகத்துக்கு அனுப்பலாம், நடன அரங்கமாக்கலாம், வரலாற்றுச் சின்னமாக நிறுத்தலாம் என்று பலவாறு திட்டமிட்டனர், ஒன்றும் நடக்கவில்லை. எல்லாத் திட்டங்களும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டன: உள்ளலங்காரம் போய்விட்ட ஒரு பெரிய நீராவிக் கப்பலைச் சீராக்கும் செலவு, சீராக்கிய பின் அது ஈட்டக்கூடியதைவிட அதிகம். அப்படியானால் ஏன் உடனே உடைத்து விற்கவில்லை? கூடு நன்றாகவே இருந்தது. யாராவது ஒருவர் நாளை இரும்பு விலையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தருவார் என்ற நம்பிக்கையும் இருந்தது. பழைய கப்பல்கள் பல இந்த நம்பிக்கையில்தான் ஆண்டுக்கணக்கில் கழிமுகங்களில் கிடக்கின்றன.

அந்த ஒருவர் மீண்டும் அரசே ஆனது. 1942-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டியே சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. காவலுக்குப் போகக்கூடிய எந்தக் கப்பலும் வேண்டியதாயிற்று. ஜூலையில் போர்க்காலக் கப்பல் நிர்வாகம் மேஃப்ளவரை வாங்கி ப்யூட் என்று பெயரிட்டது. 1943 அக்டோபரில் கடலோரக் காவல்படையில் பழைய பெயரிலேயே பணியில் சேர்ந்தது. கரையோரக் காவலுடன், ராடாரை இயக்கக் கற்கும் மாலுமிகளுக்குப் பயிற்சிக் கப்பலாகவும் இருந்தது. 1896-இல் வடிவமைத்தவர்கள் கற்பனைகூடச் செய்திராத கருவிக்கு அதே கப்பல் வகுப்பறையானது.

1946 ஜூலையில் மீண்டும் ஓய்வு. அடுத்த ஆண்டு கடல்நாய் வேட்டைக்கென்று வாங்கியவர் வடக்கே அனுப்பினார். போகும் வழியில் மறுபடியும் தீ. 1948-இல் புதிய கொதிகலன் பொருத்தி, பனாமா நாட்டுப் பதிவில், மாலா என்ற பெயருடன் மத்தியதரைக் கடலுக்குப் போயிற்று. வெளியே சொன்னது கரையோர வணிகம்; உண்மையில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் யூத அகதிகளை ஏற்றிக்கொண்டு செப்டம்பரில் இஸ்ரேலின் ஹைஃபாவை அடைந்தது. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மாலுமிகள் தங்கிப் பழகிய ஒரு கப்பலில் ஆட்களை நெருக்கி ஏற்றுவது கடினமல்ல. தளங்களுக்கிடையே இருந்த இடமே இப்போது அதன் மதிப்பாயிற்று. புதிதாகப் பிறந்திருந்த இஸ்ரேலின் கடற்படை 1950-இல் அதை வாங்கி, மாவோஸ் என்று பெயரிட்டு, ரோந்துக்கும் பயிற்சிக்கும் வைத்துக்கொண்டது. 1955-இல் உடைத்தார்கள்.

மேஃப்ளவர் ஒரு விதிவிலக்கு என்று எண்ணிவிட வேண்டாம். அதே கட்டுதளத்தில், ஜான் பிரவுன் நிறுவனத்தின் கைக்கு அது வந்துவிட்ட பிறகு, அதே வாட்சன் அலுவலகத்தின் வடிவமைப்பில் 1930-இல் வெளிவந்த நாலின் என்ற 300 அடி யாட்டைப் பாருங்கள். இதன் பணம் நம் பக்கத்திலிருந்து போனது. கல்கத்தாவில் சணல், தேயிலை, நிலக்கரி எனப் பரந்திருந்த ஆண்ட்ரூ யூல் நிறுவனத்தின் தலைவர் சர் டேவிட் யூல் 1928-இல் இறந்த பின், அவருடைய மனைவி லேடி யூல் அதைக் கட்டுவித்தார். (அந்த நிறுவனம் 1979 முதல் இந்திய அரசின் உடைமை.) பிஸ்டனுக்குப் பதிலாக நீராவியின் பாய்ச்சலாலேயே சக்கரத்தைச் சுழற்றும் டர்பைன்கள் இதில் இருந்தன, அதிர்வு குறைவு, அறைகளில் உறக்கம் கெடாது. 1936 கோடையில் பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டு இதை வாடகைக்கு எடுத்து, தாம் மணக்க விரும்பிய அமெரிக்கப் பெண் வாலிஸ் சிம்சனுடன் யுகோஸ்லாவியக் கரையிலிருந்து கிரீஸ் வழியாக இஸ்தான்புல் வரை போனார். அமெரிக்க ஏடுகள் படங்களோடு எழுதித் தள்ளின. பிரிட்டிஷ் ஏடுகள் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்ணை மணப்பதற்காக டிசம்பரில் அவர் முடிதுறந்தார். மறு ஆண்டு ருமேனிய மன்னர் இரண்டாம் கரோலுக்காகக் கப்பல் விற்கப்பட்டு லூச்சேஃபெருல் ஆயிற்று. பொதுவுடைமை ஆட்சியில் லிபெர்தாதேயா என்ற பெயரில் டான்யூப் ஆற்றின் கலாட்ஸ் துறையில் மிதக்கும் உணவகமாகப் போயிற்று. உணவகமாவது இழிவாகத் தோன்றலாம். என் கணிப்பில் நாலினைக் காப்பாற்றியதே அதுதான்: நகராத கப்பலுக்கு நிலக்கரியோ எண்ணெயோ வேண்டாம், எஞ்சின் ஆட்கள் வேண்டாம், கூடங்களை மட்டும் துடைத்து வைத்தால் போதும். உடைபடாமல் கிடந்ததால் 1999-இல் பிரிட்டனுக்குத் திரும்பி, இறுதியில் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜேம்ஸ் டைசனின் கைக்கு வந்து, ஜெர்மனியில் நெடுநாள் சீரமைக்கப்பட்டு 2010-இல் மீண்டும் கடலில் இறங்கியது.

மோட்டார்க் கார் செல்வர் ஹொரேஸ் டாஜ் கட்டுவித்த டெல்பைன் கதையும் இவ்வழியே. 1921-இல் கப்பல் முடிவதற்குள், 1920 டிசம்பரிலேயே அவர் இறந்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் அட்மிரல் எர்னஸ்ட் கிங்கின் கொடிக் கப்பலாக (தலைமைக் கப்பலாக), டான்ட்லெஸ் என்ற பெயரில், வாஷிங்டனில் நின்றது. பிறகு மாலுமிப் பயிற்சிப் பள்ளிக்குப் போனது. 2003-இல் புதுப்பிக்கப்பட்டபோது அதன் பழைய நீராவி எஞ்சின்களையே வைத்துக்கொண்டார்கள்.

இத்தகைய கப்பலொன்றின் வரலாற்றைத் தாமே தேட விரும்புகிறவர் பெயரை நம்பிப் போனால் ஏமாறுவார். உரிமையாளர் மாறும்போது பெயரும் மாறும் என்பது ஒரு சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், விற்ற செல்வர் அடுத்த கப்பலுக்கும் பழைய பெயரையே வைத்துவிடுவது. மார்கன் குடும்பத்தில் கோர்சேர் என்ற பெயரில் நான்கு யாட்டுகள் இருந்தன. 1898-இல் போருக்குப் போனது இரண்டாவது. மூன்றாவது முதல் உலகப் போரில் கோர்சேர் என்ற பெயருடனேயே கடற்படையில் இருந்துவிட்டு, 1930-இல் அமெரிக்கக் கடற்கரை அளவாய்வுத் துறைக்குப் போய் ஓஷனோகிராபர் என்ற பெயரில் கடலடியை அளந்தது. அதே 1930-இல் இறங்கிய நான்காவது, 1940-இல் பிரிட்டனுக்குக் கொடுக்கப்பட்டு, போருக்குப் பின் பயணிகள் உல்லாசக் கப்பலாகி, 1949-இல் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கு அருகே பாறையில் மோதி அழிந்தது. ஆகவே கட்டிய ஆண்டு, கட்டிய தளம், நீளம் ஆகிய மூன்றையும் முதலில் குறித்துக்கொண்டு, பெயர் எதுவாக இருந்தாலும் அவை பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.